பங்குனியில் என்ன நிறம்?

“அக்கா, ஒரு சந்தேகம். வெள்ளக்காரன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறதுக்கும் புத்தகம் பாத்துத்தான் அடிப்பானா?”

வானை ஓட்டிக்கொண்டே கேட்டான் றவூப். பக்கத்து இருக்கையில் சீதேவிப்பிள்ளை மடியில் ஒரு பழைய சின்னப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் தீப்பெட்டி அளவில் நிறச் சதுரங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் ஆண்டு.

“அமெரிக்காவில சில ஊர்கள்ல பழைய வீடெண்டா, அது கட்டின காலத்து நிறம்தான் பூச வேணுமாம். ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டு வீடெண்டா வெள்ளைச் சுவர், பச்சை யன்னல். எண்ணூத்தி எண்பத்தஞ்சாம் ஆண்டு வீடெண்டா இருட்டு நிறமா மூண்டு நாலு. விறாந்தை முகட்டுக்கு இளநீலம்.”

“அதென்ன முகட்டுக்கு மட்டும் நீலம்?”

“பேய் அதை வானமெண்டு நினைச்சு மேல பறந்து போயிருமாம்.”

“எங்கட பேய் போகாது அக்கா. ஃபேன் இரிக்கா என்டு எட்டிப் பாத்திட்டு உள்ளுக்க வந்து படுத்திரும்.”

சீதேவிப்பிள்ளை சிரித்தாள். அவளுக்கு வயது ஐம்பது. காணிக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து, மேலதிகாரி ஒருவருடன் சண்டை பிடித்து வேலையை விட்டவள். இப்போது செங்கலடிச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். கொப்பி எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் காகிதத்தோடு ஒரு பிரச்சினையையும் கொண்டுவருவார்கள். காணாமல் போன மாடு, கள்ள உறுதி, ஓடிப்போன மாப்பிள்ளை. எதுவென்றாலும் அவள் கண்டுபிடித்துக் கொடுப்பாள். ஏறாவூரில் பெயின்ற் கடை வைத்திருக்கும் றவூப், கடையை மனைவி றஸீனாவிடம் விட்டுவிட்டு சீதேவிப்பிள்ளையோடு வானை எடுத்துக்கொண்டு கிளம்புவான். றியாதில் பதினொரு வருடம் சுவர் சுவராகப் பெயின்ற் அடித்தவன். வாய் மட்டும் காயவே காயாது.

கல்லடிப் பாலத்தடியில் ஆமிக்காரன் வானை மறித்தான். சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியும் சோதனை குறையவில்லை. பின்னால் அடுக்கியிருந்த பெயின்ற் தகரங்களைக் காட்டி, “மொக்கத?” என்று சிங்களத்தில் என்னவெனக் கேட்டான்.

றவூப் ஒரு மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே பளபளவென்று மஞ்சள். ஆமிக்காரன் எட்டிப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான், போகச் சொல்லிக் கை காட்டினான்.

“மஞ்சள் அவனுக்குப் பிடிக்கல்ல போல” என்றான் றவூப்.

வான் தெற்கே தேற்றாத்தீவுக்கு ஓடியது.

நாளைக் காலை பத்து மணிக்குக் காணி விசாரணை. அதற்குள் ஒரு விடை வேண்டும்.

இராசாத்தி என்ற பெண், வயது முப்பத்தெட்டு, வாவிக் கரையோரம் இருக்கும் ஒரு பலகை வீட்டில் இருக்கிறாள். ஊரில் அதற்குப் பெயர் அமெரிக்கன் வீடு. கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்த ஹார்லன் என்ற பொறியியலாளர் ஐம்பத்தொன்றில் தன் ஊர்ப் பழைய வீட்டைப் போலவே கட்டியது. திரும்பிப் போகும்போது, வீட்டுக்குப் பெயின்ற் அடித்து அதைப் பார்த்துக்கொண்ட வினாயகமூர்த்தியின் பெயருக்குக் காணி உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வினாயகமூர்த்தியின் மகள்தான் இராசாத்தி.

உறுதி எங்கே? அண்ணன் வீட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அண்ணன் வீடு கடற்கரையில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அண்ணனும் இல்லை, பெட்டியும் இல்லை. காணிக் கந்தோர்ப் பதிவேட்டில் அந்தப் பக்கம் நனைந்து மை கரைந்து கிடந்தது.

இப்போது சுவிஸிலிருந்து ரதீஸ் என்பவன் வந்து நிற்கிறான். எழுபத்தெட்டாம் ஆண்டு பங்குனி மாதம் தன் தகப்பன் இந்த வீட்டை வாங்கியதாக ஓர் உறுதி. எழுபத்தொன்பது சித்திரையில் தானும் தகப்பனும் அந்த விறாந்தையில் நிற்கும் கலர்ப் படம் ஒன்று. உறுதியில் வீட்டை வர்ணித்து எழுதியிருந்தது: ‘பச்சை வர்ணம் பூசிய பலகைச் சுவர்களும் வெண்ணெய் நிற யன்னல்களும் கொண்ட வீடு.’ படத்திலும் அதே பச்சை, அதே வெண்ணெய் நிறம்.

இன்றைக்கு வீடு வெள்ளை. சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர் வந்து பழசெல்லாம் மறைய அடித்துவிட்டுப் போன வெள்ளை. அப்படியென்றால் பழைய நிறம் ரதீஸுக்கு எப்படித் தெரியும்? இருந்தவனுக்குத்தான் தெரியும் என்று ஊரே கதைத்தது.

“உறுதியும் படமும் ஒண்டுக்கொண்டு சாட்சி சொல்லுது” என்றாள் சீதேவிப்பிள்ளை. “ஆனா இந்தப் புத்தகம் வேற கதை சொல்லுது. இது அந்த ஹார்லன் துரை விட்டுட்டுப் போனது. இராசாத்தி நேத்துத் தந்தாள். இதைப் பார்.”

1885 என்ற பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். காய்ந்த பெயின்ற். கருப்பட்டி நிறம்.

“பச்சை இருக்கிற பக்கம் ஒண்டிலயும் அழுக்கில்ல. இந்த ஒரு பக்கத்திலதான் கை பட்டிருக்கு. வினாயகமூர்த்தி இதைப் பார்த்துத்தான் நிறம் கலந்திருக்கிறார். அப்ப அந்த வீடு முதல்ல பச்சையா இருந்திருக்க ஏலாது.”

“விரல் பட்ட பக்கத்தை வச்சு வீடு பிடிக்கிற ஒரே ஆள் நீங்கதான் அக்கா.”

“நீ சுரண்டு. பச்சைக்கு அடியில இந்த மண்ணிறம் வந்தா போதும்.”

இராசாத்தி வாசலிலேயே காத்திருந்தாள். இரண்டு நாளாக நித்திரை இல்லாத முகம். “அக்கா, எனக்கு அறிஞ்ச நாள்ல இருந்து இது பச்சை வீடுதான்” என்றாள். “பொய் சொல்ல ஏலாது.”

சீதேவிப்பிள்ளைக்கு முகம் கொஞ்சம் சுண்டியது. “பரவாயில்ல. பலகை என்ன சொல்லுதெண்டு பார்ப்பம்.”

றவூப் முன் சுவரில் விறாந்தைக்குப் பக்கத்தில் குந்தினான். கத்தி முனையால் ஒரு முத்திரை அளவு இடத்தைச் சுரண்டினான். வெள்ளை உதிர்ந்தது. கீழே பச்சை. மூவரும் குனிந்தார்கள். பச்சையையும் மெல்லச் சுரண்டினான்.

வெறும் மரம்.

“வேற இடம்” என்றாள் சீதேவிப்பிள்ளை.

வேற இடம். வெள்ளை, பச்சை, மரம். இன்னோர் இடம். வெள்ளை, பச்சை, மரம். ஏழு இடத்தில் சுரண்டியாயிற்று. முன் சுவர் அம்மை போட்ட முகம் போல ஆகிவிட்டது.

றவூப் எழும்பி முழங்காலைத் தட்டினான். “அக்கா, நாம சுவிஸ்காரனுக்குத்தான் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறம். பில்லை அவன்ட பேருக்கு அனுப்புவமா?”

இராசாத்தி குசினிக்குப் போய்ப் பிளேன் ரீ ஊற்றினாள். சீதேவிப்பிள்ளை ரீயை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே வாவியைப் பார்த்தபடி ஒரு படிக்கட்டு. அதில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். தோற்றுப்போனால் இந்தப் பெண் எங்கே போவாள் என்று நினைத்தாள்.

சும்மா கண்ணை ஓட்டினாள். ஓடிய கண் சுவரில் நின்றது.

“றவூப்! முன் சுவரில தரையில இருந்து யன்னல் வரைக்கும் எத்தனை பலகை? எண்ணு!”

“ரீ ஆறிரும் அக்கா.”

“எண்ணடா!”

முன்பக்கமிருந்து குரல் வந்தது. “நாலு!”

“இஞ்ச பன்னிரண்டு!”

கோப்பையோடு ஓடிவந்தான் றவூப். பின் சுவரில் பலகைகள் நாலு விரல் அகலம். முன் சுவரில் ஒரு சாண். ஒரே வீடு, இரண்டு விதப் பலகை. ஐந்து வருடமாக ஒரே வெள்ளைக்குள் படுத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“சுரண்டு.”

அவன் சுரண்டினான். வெள்ளை. பச்சை. அதற்கடியில், கத்தி முனையில் சுருள் சுருளாக, கருப்பட்டி நிறம்.

றவூப் புத்தகத்தைப் பறித்து 1885 பக்கத்தைச் சுவரோடு வைத்துப் பிடித்தான். இரண்டும் ஒன்று. “அல்லாஹ்வே! சொக்கலேட்!” என்று கத்தினான். வாவியில் நின்ற கொக்கு ஒன்று பறந்தே போயிற்று.

சீதேவிப்பிள்ளை கத்தவில்லை. குசினிப் பக்கம் திரும்பினாள். “இராசாத்தி, முன் சுவர்ப் பலகை எப்ப மாத்தினது?”

இராசாத்தி கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். “அது... சூறாவளிக்கு. எனக்கு அப்ப எட்டு வயசு. நாங்க எல்லாரும் பள்ளிக்கூடத்தில போய் ஒதுங்கினம். விடிய வந்து பார்த்தா முன்பக்கம் முழுக்க இல்ல. அப்பா தோணியில போய் வாவியில மிதந்த பலகையப் பொறுக்கினார், ஒண்டும் உதவல்ல. பிறகு விழுந்த மரங்களை அரிஞ்சு புதுசாத்தான் அடிச்சது. நிவாரணத்துக்குப் பச்சைப் பெயின்ற் ரெண்டு பீப்பா வந்தது. வீடு முழுக்க அதைத்தான் அடிச்சவர். முந்தி என்ன நிறமெண்டு ஞாபகமில்ல, சின்னப் பிள்ளைதானே.”

“சூறாவளி எப்ப?”

“எழுபத்தெட்டு கார்த்திகை. மட்டக்களப்பில அதை ஆரும் மறப்பாங்களா?”

சீதேவிப்பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து இராசாத்தி ஓடிவந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“என்னக்கா?” என்றான் றவூப். “எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்க.”

“பின்னேரம் சுவிஸ்காரன் புரோக்கரோட பேச வருவான். அப்ப சொல்றன். நீ இந்த மண்ணிறத்தை அப்படியே ஒரு வாளியில கலந்து வை. நாளைக்கு விசாரணைக்குக் கொண்டுபோக வேணும்.”

மூன்று மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். பின்னால் இருந்தவன் ரதீஸ். முப்பத்தைந்து வயது, வெயிலில் சிவந்த முகம். ஓட்டி வந்தவர் பஞ்சலிங்கம், காணிப் புரோக்கர். வெளிநாட்டுக்காரருக்கு உறுதி தேடிக் கொடுப்பதுதான் அவருக்கு இப்போது தொழில். கையில் தோல் பை, நெற்றியில் சந்தனம், வாயில் தேன்.

“என்ன அக்கா, சமாதானமா முடிப்பமா?” என்றார் பஞ்சலிங்கம். “இந்தப் பிள்ளைய உடனே எழும்பச் சொல்லல்ல. ஒரு மாசம் தாறம்.”

“ஒரு கேள்வி கேக்கிறன், பதில் சொன்னா இண்டைக்கே முடிச்சிருவம்” என்றாள் சீதேவிப்பிள்ளை. “உறுதி எப்ப எழுதினது?”

“எழுபத்தெட்டு பங்குனி. அதில இருக்கே.”

“பங்குனியில வீடு என்ன நிறம்?”

“பச்சை. அதுவும் இருக்கே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மஞ்சளோ, நாவலோ?”

“பச்சை அக்கா! நொத்தாரிசு வந்து கண்ணால பார்த்துத்தானே எழுதினவர்!”

“கெட்டிக்கார நொத்தாரிசு” என்றாள் அவள். “அடுத்த வருசம் அடிக்கப்போற பெயின்ற்றை முதலே பார்த்திருக்கிறார்.”

பஞ்சலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பழைய பலகையைக் காட்டினாள்: அடியில் மண்ணிறம், மேலே பச்சை. முன்பக்கம் கூட்டிவந்தாள். சூறாவளிக்குப் பிறகு அடித்த பலகை: அடியிலேயே பச்சை. “சூறாவளி வரைக்கும் இந்த வீடு மண்ணிறம். முன் சுவர் பறந்து, புதுப் பலகை அடிச்ச பிறகுதான் பச்சை. அது எழுபத்தொன்பது. பங்குனி எழுபத்தெட்டில பச்சை வீட்டை வித்தவனும் இல்ல, வாங்கினவனும் இல்ல. இந்த உறுதியை எழுதினவன் வீட்டைப் பார்க்கல்ல. படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான்.”

“படம் பொய்யில்ல!” ரதீஸ் கத்தினான். குரல் உடைந்தது. “அதில நிக்கிறது நான். என்ட அப்பா.”

“படம் பொய்யில்ல தம்பி” என்றாள் சீதேவிப்பிள்ளை. இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. “நீங்க கொண்டுவந்ததில அது ஒண்டுதான் உண்மை. இந்தப் படத்தை இவருக்கு எப்ப அனுப்பினீங்க?”

“சண்டை முடிஞ்ச கிழமை.”

“உறுதி எப்ப கிடைச்சது?”

ரதீஸ் மெதுவாகத் திரும்பிப் பஞ்சலிங்கத்தைப் பார்த்தான். “ஆடியில. பழைய நொத்தாரிசு ஒருத்தர்ட வீட்டில தேடி எடுத்ததெண்டு சொன்னார்.”

“ஒரு கோல் வருது” என்று சொல்லிக்கொண்டே பஞ்சலிங்கம் பின்னோக்கி நடந்தார். போன் அடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்தவர், றவூப்பின் வான் குறுக்கே நிற்பதைக் கண்டு சட்டென்று திரும்பிக் கிறுகினார். கிறுகிய வேகத்தில் வலது கால் றவூப் கலந்து வைத்திருந்த வாளிக்குள் போயிற்று. மண்ணிறம் முழங்கால் வரை. வாளியை உதறிவிட்டு, வேலியைப் பாய்ந்து, தெருவுக்கு ஓடினார்.

றவூப் ஓடவில்லை. போனை எடுத்துப் பொலிசுக்குச் சொன்னான். “ஓம் சேர், தேற்றாத்தீவு. ஆளையா? அடையாளம் ஒண்டும் வேணாம். தெருவில ஒத்தைக் கால் தடம் இரிக்கி, அதப் பிடிச்சிட்டு வாங்க. கருப்பட்டி நிறம். ஓம், ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தஞ்சு.”

பிறகு ரதீஸ் பக்கம் வந்து படத்தை வாங்கிப் பார்த்தான். பகிடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தொழில்காரனாகப் பார்த்தான்.

“தம்பி, உங்கட வாப்பா கட்டியிருக்கிற சாரத்தைப் பாருங்க. பச்சை தெறிச்சிரிக்கி. நகத்தைப் பாருங்க, பத்திலயும் பச்சை. அவர் இந்த வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர்.”

“அவர் சாகும்வரைக்கும் சொல்லுவார்” என்றான் ரதீஸ். “தேற்றாத்தீவில எங்கட பச்சை வீடு, எங்கட பச்சை வீடு எண்டு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதும் சொன்னார்.”

“பெயின்ற்காரன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவம்” என்றான் றவூப். “றியாதில எனக்கு நாப்பத்தி மூணு வீடு இரிக்கி.”

ரதீஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உறுதியைக் கிழிக்கப்போனான். சீதேவிப்பிள்ளை பாய்ந்து பறித்தாள். “கிழிக்காதீங்க! நாளைக்கு இது எனக்கு வேணும்.”

இராசாத்தி கிட்ட வந்தாள். “அப்பாவ ஊரில என்னெண்டு கூப்பிடுவாங்க?”

“குணநாயகம். எல்லாரும் குணம் எண்டுதான் கூப்பிடுவாங்க.”

“குணம் மாமாவா?” அவள் கையை வாயில் வைத்தாள். “எங்கட அப்பாக்கு ஏணி பிடிச்ச குணம் மாமாவா? துரைக்கு அனுப்பவெண்டு அப்பா படம் எடுப்பிச்சவர். அதில ஒண்டை மாமாக்கும் குடுத்தவர்.” அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப நீங்கதான் எங்கட கோழிக்குஞ்சைக் காற்சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக் கொண்டுபோகப் பார்த்த ஆள்.”

ரதீஸின் முகம் இன்னும் சிவந்தது. “எனக்கு ஞாபகமில்ல அக்கா.”

“கோழிக்கு இருந்திருக்கும்” என்றான் றவூப்.

இராசாத்தி வெடித்துச் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவனை உள்ளே கூப்பிட்டு ரீ கொடுத்தாள். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிருங்க” என்றான். அவள் சீனி போதுமா என்று கேட்டாள்.

பஞ்சலிங்கத்தைப் பஸ் தரிப்பில் ஒற்றைச் செருப்போடு பிடித்தார்கள். அவருடைய தோல் பைக்குள் இன்னும் நான்கு உறுதிகள் இருந்தன. நான்கும் வெவ்வேறு ஊர், ஒரே கையெழுத்து.

மறுநாள் விசாரணையில் சீதேவிப்பிள்ளை பழைய பலகை ஒன்றையும் புதுப் பலகை ஒன்றையும் மேசையில் வைத்தாள். ரதீஸ் எழும்பி, தனக்கு அந்த வீட்டில் உரிமை எதுவும் இல்லை என்று தானே சொன்னான். அதிகாரி படத்தையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுதினார். மாற்று உறுதிக்கு இராசாத்தி விண்ணப்பிக்கலாம். அதுவரை அவளை யாரும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது.

வெளியே வந்ததும் ரதீஸ் சீதேவிப்பிள்ளையைப் பார்த்தான். “அக்கா, வீடு முழுக்கச் சுரண்டிக் கிடக்கு. பெயின்ற் செலவை நான் தாறன். என்ன நிறம் வேணும்?”

“மண்ணிறம்தான்” என்றாள் சீதேவிப்பிள்ளை. “வீடு கட்டின நாள்ல இருந்த நிறம். அதுதான் அழகு.”

“பச்சை” என்றான் ரதீஸ். “அப்பா அடிச்ச நிறம்.”

“என்னட்ட மஞ்சள் ஆறு தகரம் சும்மா கிடக்கு” என்றான் றவூப். “ஒருத்தனும் வாங்குறானில்ல.”

மூவரும் வாதாடிக்கொண்டே வான் வரைக்கும் நடந்தார்கள். இராசாத்தி முன் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ரோஸ்” என்றாள்.

சாவியைப் போட்ட றவூப் அவள் பக்கம் திரும்பினான்.

“சுவருக்கா?” என்றான் றவூப்.

“சுவருக்கு, யன்னலுக்கு, கதவுக்கு. எல்லாத்துக்கும். இதுவரைக்கும் ஆரும் என்னட்டக் கேக்கல்ல.” அவள் நேரே பாதையைப் பார்த்தாள். “வானை எடுங்க றவூப். கடை பூட்ட முதல் போகவேணும்.”